போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தரலாமா? சேலத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன், நம் தம்பி, 2023-இல் பி.இ., இ.சி.இ. முடித்தார். ஓராண்டு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தார். பிறகு சிவதாபுரத்தில் அப்பாவின் வெள்ளிப் பட்டறையில் கணக்கு வழக்குப் பார்க்கிறார். உறவினர் மூலம் அறிமுகமான பெங்களூர் கன்சல்டன்சிக்காரர் ஒருவர், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையில், இரண்டரை வருட அனுபவம் என்று ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, வேலையிலிருந்து விடுவித்ததாக ரிலீவிங் லெட்டர் எல்லாம் தயார் செய்து தருகிறேன் என்கிறார். எழுபதாயிரம் ரூபாய், பாதி முன்பணம். "தப்புன்னு தெரியுது. ஆனா வேண்டாம்னு சொல்லி அவன் வாழ்க்கையை நானே கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பணம் கொடுக்காதீர்கள். பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னால் உங்கள் வீட்டில் எடுபடாது என்பது புரிகிறது. சொந்தத்தில் இரண்டு பேர் இப்படித்தான் போய், இப்போது நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், மாட்டாதவர்களும் உண்டு. ஆனாலும் தம்பி எதற்குள் நுழையப் போகிறார் என்பதை அவரும் நீங்களும் முழுதாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். கன்சல்டன்சிக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஐ.டி. நிறுவனங்கள் வேலைக்கு எடுப்பவரின் பின்னணியைச் சரிபார்க்கும். இதற்கென்றே தனி ஏஜென்சிகள் இருக்கின்றன. சில நிறுவனங்கள் சேர்வதற்கு முன்பே முடித்துவிடும். பல இடங்களில் சேர்ந்து சில வாரம் கழித்துத்தான் அறிக்கை வரும். 'சரிபார்ப்பு திருப்தியாக இருந்தால் மட்டுமே இந்த வேலை செல்லும்' என்ற வரி ஆஃபர் லெட்டரிலேயே இருக்கும். ஆகவே சேர்ந்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைக்க வழியில்லை.

அவர்கள் முதலில் கேட்பது பி.எஃப். விவரம். இருபது பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். சட்டத்துக்குள் வரும். ஒருவருடைய பி.எஃப். கணக்குகளுக்கெல்லாம் ஆயுளுக்கும் ஒரே யு.ஏ.என். எண்தான், 12 இலக்கம். அதைத் திறந்தால் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது வெளியேறினார், எந்த மாதச் சம்பளத்துக்கு எப்போது பணம் கட்டினார்கள் என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். பி.எஃப். கட்டவே இல்லை என்றால் இரண்டரை வருடம் எப்படிக் கட்டாமல் விட்டார்கள் என்ற கேள்வி வரும். இப்போது அவசரமாக மொத்தமாகக் கட்டினால், 2023 மாதங்களுக்கான பணம் எல்லாம் ஒரே நாளில் வந்திருப்பது பாஸ்புக்கிலேயே நிற்கும்.

அடுத்தது வருமான வரிப் பதிவு. சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் படிவம் 16, பிடித்த வரியைக் காட்டும் வரித்துறைப் பதிவான 26ஏஎஸ் இரண்டையும் கேட்பார்கள். படிவம் 16-இன் முதல் பகுதி வரித்துறையின் தளத்திலிருந்து இறங்குவது, கணினியில் தட்டச்சு செய்து தயாரித்தால் உண்மையான பதிவோடு ஒட்டாது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை என்று அந்தக் கன்சல்டன்சி ஏஜென்ட் சமாளிக்கலாம். அப்போது வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். இதற்காகவே உங்கள் பணத்தையே உங்கள் மகன் கணக்கில் மாதாமாதம் சம்பளம் போலப் போட்டுக் காட்டும் ஏற்பாடும் உண்டு. ஆனால் 2023-க்கும் 2024-க்கும் பின்னோக்கிப் போய்ப் பணம் போட யாராலும் முடியாது.

கம்பெனியையும் விட மாட்டார்கள். அது எந்த ஆண்டு பதிவானது, இப்போது இயங்குகிறதா, பதிவு நீக்கப்பட்டதா என்பதை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். முகவரிக்கு ஆள் அனுப்பியும் பார்ப்பார்கள். சான்றிதழ் விற்கும் கம்பெனிகளின் பட்டியலைச் சரிபார்ப்பு ஏஜென்சிகளும் பெரிய நிறுவனங்களும் வைத்திருக்கின்றன. இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. அதே கம்பெனி பெயரை எழுதிய வேறு யாரோ ஒருவர் இரண்டு வருடம் கழித்து மாட்டினாலும், அந்தப் பெயரைப் போட்டிருக்கும் அத்தனை பேர் கோப்பையும் திரும்ப எடுப்பார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கு நன்றாக இருப்பது கடந்த காலத்துக்கு மட்டுமே சாட்சி.

மாட்டினால் பெரும்பாலும் நிறுவனம் போலீசுக்குப் போகாது. அன்றே வேலையிலிருந்து நீக்கும், அனுபவச் சான்று தராது, அவ்வளவுதான். ஆனால் புகார் கொடுத்தால் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுவதற்கு 318-ஆம் பிரிவு, போலி ஆவணம் தயாரிப்பதற்கு 336, அதை உண்மை என்று பயன்படுத்துவதற்கு 340. ஆவணத்தைத் தயாரித்தவர் ஏஜென்டாக இருந்தாலும், பயன்படுத்துகிறவர் தம்பிதான்.

மாட்டவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதிகக் கவலை தருவது அதற்குப் பிறகு நடப்பதுதான். இரண்டரை வருட டெஸ்டரை எடுத்தவர்கள் அவருக்குப் பயிற்சி தர மாட்டார்கள். சில நாளிலேயே மென்பொருளின் ஒரு பகுதியை, ஒரு மாட்யூலை, கையில் கொடுப்பார்கள். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணத்தைப் படித்து, எதை எப்படிச் சோதிப்பது என்று டெஸ்ட் கேஸ் எழுத வேண்டும், ஜிரா என்ற பதிவுக் கருவியில் பக் (பிழை) பதிய வேண்டும், தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல். போட்டு டேட்டா சரியா என்று பார்க்க வேண்டும், போஸ்ட்மேன் என்ற கருவியில் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) சோதிக்க வேண்டும், தானாகச் சோதிக்கும் செலினியம் கருவிக்கான ஸ்கிரிப்டில் வந்த பிழையைத் திருத்த வேண்டும். அனுபவமில்லாத ஃப்ரெஷராகச் சேர்ந்தவர் "இது எனக்குத் தெரியாது, சொல்லித் தாங்க" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கலாம். அதுதான் முதல் வருடத்தில் அவருக்குக் கிடைக்கும் பெரிய உரிமை. தம்பிக்கு அந்த உரிமை இருக்காது. கேட்டால் சந்தேகம் வரும்.

இதற்கும் சந்தையில் ஒரு 'தீர்வு' விற்கிறார்கள். 'ஜாப் சப்போர்ட்' என்று பெயர். மாதம் ஒரு தொகை கொடுத்தால் வெளியிலிருந்து ஒருவர், ஆபீஸ் லேப்டாப்பின் திரையைப் பார்த்தபடி வேலையைச் செய்து தருவார். வாடிக்கையாளரின் ரகசியத் தகவல் அப்படி வெளியாளுக்குப் போவது, போலிச் சான்றிதழைவிடப் பெரிய குற்றமாக முடியும். முதல் பொய்யைக் காப்பாற்றச் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் கட்டும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இது தெரிவதில்லை.

அடுத்த வேலைக்குப் போகும்போதும் அதே இரண்டரை வருடத்தை எழுதியாக வேண்டும். எடுத்துவிட்டால் கணக்கு இடிக்கும். வெளிநாடு போகும் நாள் வந்தால் விசா விண்ணப்பத்திலும் அதே கடிதம் போகும். பொய் ஆவணம் என்று தெரிந்தால் கனடா ஐந்தாண்டு தடை விதிக்கும். பிரிட்டனில் பத்தாண்டு வரை போகலாம். அமெரிக்கச் சட்டப்படி அது நிரந்தரத் தகுதியின்மை, விலக்கு கிடைத்தால்தான் உண்டு. உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: எழுபது டச் (நூற்றுக்கு எழுபது பங்கு சுத்த வெள்ளி) கொலுசை எண்பது என்று விற்றால், கடையில் தப்பினாலும் பிற்பாடு பழசாக உருக்கும் இடத்தில் தெரிந்துவிடும் அல்லவா? அனுபவச் சான்றிதழையும் ஒவ்வொரு வேலை மாற்றத்திலும் உருக்கிப் பார்க்கிறார்கள்.

சரி, இடைவெளியை என்ன செய்வது? அதை மறைக்கத் தேவையே இல்லை. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்த ஓராண்டைத் தமிழ்நாட்டில் எந்த மனிதவள அதிகாரியும் வினோதமாகப் பார்க்க மாட்டார். பட்டறை வேலையைத் தம்பி 'சும்மா வீட்டில் இருந்தேன்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. டச் வாரியாக வெள்ளி இருப்பு, யாரிடம் எவ்வளவு கூலிக்குக் கொடுத்தது, திரும்பி வந்த எடை, சேதாரம், ஜி.எஸ்.டி. பில் என்று இவ்வளவையும் எக்செலில் வைத்திருந்தால் அது தரவு வேலை. ரெஸ்யூமேயில் இப்படி எழுதலாம்: '2023 ஜூன் முதல் 2024 ஜூன் வரை அரசுப் போட்டித் தேர்வுத் தயாரிப்பு. 2024 ஜூலை முதல் குடும்பத் தொழிலில் இருப்பு, கூலிக் கணக்குப் பராமரிப்பு, எக்செல்.' மாதங்களை உண்மைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பத் தொழில் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அப்பா ஒரு கடிதம் தரலாம், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் அந்த எண்ணையும் போடலாம். கொடுக்காத சம்பளத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம். நேர்காணலில் இதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு, கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசப் போய்விட வேண்டும். மன்னிப்புக் கேட்கும் குரலில் நீட்டி விளக்குவதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மூடிய கதவையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஐ.டி. நிறுவனங்களின் ஃப்ரெஷர் தேர்வுகள் பெரும்பாலும் அண்மையில் முடித்த ஓரிரு ஆண்டு மாணவர்களுக்குத்தான். அந்த வழி தம்பிக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நடுத்தர, சிறிய நிறுவனங்கள், டெக்னிக்கல் சப்போர்ட்டில் சேர்ந்து டெஸ்டிங்குக்கு மாறுவது, அப்ரன்டிஸ் பயிற்சி ஆகியவைதான் இப்போது திறந்திருப்பவை. சேலத்திலேயே ஜாகிர் அம்மாபாளையம் எல்காட் வளாகமும் கருப்பூர் மினி டைடல் பூங்காவும் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் சொந்தக்காரர்கள் சொல்வதைவிட நிச்சயம் குறைவாக இருக்கும். அதை வீட்டில் இப்போதே பேசி ஒத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் நான் முதலில் பார்க்கச் சொல்வது தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டத்தை. நாட்ஸ் என்பார்கள். மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் ஆதார், பட்டச் சான்று, வங்கிக் கணக்கு கொடுத்துப் பதிந்தால் ஒரு பதிவு எண் வரும். அதை வைத்து நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறையும் தனியாரும் எடுக்கிறார்கள். ஓராண்டுப் பயிற்சி, பட்டதாரிக்கு மாதாமாதம் உதவித்தொகை. முடிவில் தரும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகவே பதியலாம். தம்பிக்கு வேண்டியது அனுபவச் சான்றிதழ்தானே, இது அரசு தரும் உண்மையான ஒன்று. தேர்ச்சி பெற்ற ஆண்டுக்கு நிறுவனங்கள் வரம்பு வைப்பதால் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று: ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களைப் பொதுவாக இதில் எடுப்பதில்லை. போலியாக இரண்டரை வருடம் யு.ஏ.என்.-இல் ஏறிவிட்டால், அந்தப் பொய்யே இந்த வழியை அடைத்துவிடும்.

டெஸ்டிங்தான் பிடித்திருக்கிறது என்றால் நான்கு மாதம் ஒழுங்காக உட்கார வேண்டும். முதலில் எஸ்.கியூ.எல்., பிறகு கையால் சோதிக்கும் முறை, பிறகு போஸ்ட்மேன், கடைசியில் செலினியம். செலினியத்தில் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அடியில் நிரல் எழுதும் பழக்கம் இல்லாததுதான் காரணம். டெஸ்டிங்குக்கான சர்வதேசச் சான்றிதழான ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைத் தேர்வு எழுதலாம். 40 கேள்வி, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தேர்வைவிட முக்கியம், காட்டுவதற்குக் கையில் ஒரு வேலை. பட்டறையின் இருப்புக் கணக்குக்கே ஒரு சிறிய செயலி செய்து, அதற்கு ஐம்பது டெஸ்ட் கேஸ் எழுதி, கண்ட பிழைகளைப் பதிந்து, நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் வைக்கட்டும். எடையில் மைனஸ் எண் போட்டால் ஏற்கிறதா, கிராமில் மூன்றாவது தசமம் தொலைகிறதா என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். அந்தக் கேள்விகள் அவருக்கு இயல்பாகவே வரும்.

தம்பியிடம் பேசும்போது தடை போடுவதாகத் தொடங்காதீர்கள். 24 வயதுப் பையன், கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்குவதைப் பார்த்து வெந்துகொண்டிருப்பார். செய்ததாகச் சொல்ல ஏஜென்ட் தரும் 'புராஜெக்ட்' விவரத்தை எடுத்துவைத்து, அதில் தான் என்ன செய்ததாகச் சொல்லப் போகிறார் என்று பத்து நிமிடம் உங்களிடம் பேசச் சொல்லுங்கள். உங்களுக்கு விஷயம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே தடுமாறுகிறார் என்பது அவருக்கே தெரியும். ஏஜென்டிடம் அவரே கேட்கட்டும்: 2023 மாதங்களுக்கான பி.எஃப். எந்தத் தேதியில் வரவு ஆகியிருக்கும்? மாட்டினால் பணம் திரும்ப வரும் என்று எழுதித் தருவீர்களா? முடிவு அவருடையதாக இருக்கட்டும். பணம் உங்களுடையது, அதை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுப்பதால் நீங்கள் யார் வாழ்க்கையையும் கெடுக்கவில்லை.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றால், அது போனால் போகட்டும், மீதியைக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்கள் அங்கே இருந்தால் முதலில் அவற்றை வாங்குங்கள். ஆதார் ஓ.டி.பி. கேட்டால் சொல்லக் கூடாது, அரசின் உமாங் செயலியில் முகம் காட்டச் சொன்னாலும் காட்டக் கூடாது. அதன் வழியாகத்தான் யு.ஏ.என். உருவாகும். ஏதாவது கம்பெனி ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பி.எஃப். தளத்தின் பணி வரலாறு பகுதியில் பாருங்கள். ஏறியிருந்தால், 'இங்கே நான் வேலை செய்யவில்லை' என்று பி.எஃப். குறைதீர் தளத்திலும் சேலம் மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கி வையுங்கள். வேலை தருவதாக ஏமாற்றி ஆன்லைனில் பணம் பறித்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

இந்த வாரமே இரண்டு வேலை. நாட்ஸ் பதிவை வீட்டிலிருந்தே முடிக்கட்டும். பிறகு கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு, தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குப் பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார் நகலோடு போகட்டும். பதிவைப் புதுப்பித்து, அடுத்த தனியார் வேலைவாய்ப்பு முகாம் என்றைக்கு என்று கேட்டு வரட்டும். ரெஸ்யூமேயை உண்மைப்படி எழுதி அனுப்பினால், முகாமுக்கு முன் நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.