சக ஊழியரின் கவனச்சிதறல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் எந்த வேலையையும் முடிப்பதில்லை. அவருக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடுதானே?

பதில்: எத்தனை காலமாக இப்படி இருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார், இரவில் சரியாகத் தூங்குகிறாரா என்று எதையுமே எழுதாமல் ஒரு மனிதருக்கு நோய்ப்பெயர் கேட்டிருக்கிறீர்கள். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டின் வரையறைப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டுமன்றி வீடு போன்ற இன்னோர் இடத்திலும் அவை காணப்பட வேண்டும். அண்மையில் தொடங்கிய தடுமாற்றம் என்றால் தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்வார். நோய்ப்பெயர் சூட்டுவது சக ஊழியரின் வேலையன்று.

கேள்வி: ஏ.டி.எச்.டி. உள்ள என் சக ஊழியர், பிடித்த வேலை என்றால் மூன்று மணி நேரம் எழுந்திருப்பதே இல்லை. அப்படியானால் மற்ற நேரங்களில் நடிக்கிறாரா?

பதில்: இல்லை. கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்ப இயலாமைதான் இக்குறைபாடு. ஒன்றில் மூழ்கிவிட்டால் அதிலிருந்து மீள முடியாததும் அதன் இன்னொரு முகமே.

கேள்வி: கணக்குப் பிரிவின் மேலாளராக இருக்கிறேன். என்னிடம் பணிபுரிபவர் தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக அவராகவே தெரிவித்தார். பத்து முறை சொன்னாலும் மறந்துவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் 'சொன்னேன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது, 'எழுதிக் கொடுத்தேன்' என்பது ஓரிடத்தில்கூட இல்லை. அலுவலகங்களில் நான் மிக அதிகமாகக் காண்பதும், மிக அதிகமாக வருந்துவதும் இந்தப் பிழைக்குத்தான். நடைபாதையில் எதிர்ப்படும்போதும், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும், வேறொரு கூட்டத்தின் முடிவில் எல்லாரும் எழுந்துகொண்டிருக்கும்போதும் மூன்று வேலைகளை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, மறுநாள் 'சொன்னேனே' என்று கேட்பது எவ்வகையில் நியாயம்? கேட்டதைச் செய்து முடிக்கும்வரை மனத்தில் ஏந்தியிருக்கும் திறன், இக்குறைபாடு உள்ளவர்கள் பலருக்குக் குறைவு. பத்தாவது முறை உரக்கச் சொல்வதால் அது கூடிவிடாது.

'ஜி.எஸ்.டி. விவரத்தைக் கொஞ்சம் பாருங்கள்' என்பது அறிவுறுத்தலே ஆகாது. 'மாதாந்தர விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-1ஐ 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனைப் பட்டியலைச் சரிபார்த்து 8ஆம் தேதி மாலை 4 மணிக்குள் எனக்கு அனுப்புங்கள்' என்று எழுதுங்கள். இடையில் 6ஆம் தேதி ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எதுவரை வந்திருக்கிறது என்று பாருங்கள். அவருடைய இருக்கை வாசலுக்கோ அச்சுப்பொறிக்கோ அருகில் இருந்தால் மாற்றிக் கொடுங்கள். ஒரு வேலையின் நடுவே இன்னொன்றைத் திணிக்க நேர்ந்தால், இரண்டில் எது முதலில் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. எழுதும் பழக்கம் மட்டுமே வேண்டும்.

கேள்வி: ஏ.டி.எச்.டி. உள்ள சக ஊழியர்மீது பரிதாபப்பட்டு, அவருடைய வேலையில் பாதியை நானே செய்து வருகிறேன். இது சரியா?

பதில்: நிறுத்துங்கள். நீங்கள் களைத்துப்போவீர்கள், அவருடைய இடர்ப்பாடும் மேலாளரின் கண்ணுக்குத் தெரியாமலே போகும். மாறாக, தொடங்கவே முடியாமல் அவர் தவிக்கும் வேலையை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் அருகில் அமரச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், அவர் அவருடையதைப் பார்க்கட்டும். பலருக்கு அந்த அண்மையே தொடங்கப் போதுமானதாக இருக்கிறது.

கேள்வி: ஏ.டி.எச்.டி.க்காக என் உறவினர் சாப்பிடும் மெதில்ஃபெனிடேட் மாத்திரை ஒன்றைச் சக ஊழியருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடிய, மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. நோய்ப்பெயர் சூட்டுவது உங்கள் வேலையன்று என்றேன்; மருந்து கொடுப்பது அதனினும் அன்று.

கேள்வி: ஏ.டி.எச்.டி. உள்ளவர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் இருக்கையை மாற்றுவோம் என்கிறது எங்கள் மனிதவளப் பிரிவு.

பதில்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை, வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் தடுமாறும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' இடம்பெற்றிருக்கிறது. எனவே பலரால் அந்தச் சான்றிதழைப் பெற இயலாது. இருக்கையை மாற்றவும் எழுத்தில் வேலை கொடுக்கவும் சான்றிதழ் எதற்கு?

கேள்வி: இப்படித் தடுமாறும் சக ஊழியரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

பதில்: தனியாக இருக்கும்போது பேசுங்கள். நோயைப் பற்றி அவராக எடுத்தாலன்றி நீங்கள் எடுக்காதீர்கள். 'இந்த வேலையை எப்படிப் பிரித்துக் கொடுத்தால் உங்களுக்கு எளிதாக இருக்கும்?' என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.