மாலத்தீவில் சீப்ளேனுக்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?

கேள்வி: மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். ரிசார்ட்டுக்குப் போய்வர, தண்ணீரில் ஏறி இறங்கும் சீப்ளேனுக்கு மட்டும் தலைக்கு 450 டாலர் கேட்கிறார்கள். அது தகுமா?

தகும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: ரிசார்ட் எவ்வளவு தூரம், உங்கள் விமானம் தலைநகர் மாலேயில் எத்தனை மணிக்கு இறங்குகிறது.

முக்கால் மணி நேர ஸ்பீட்போட் தூரம்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், போட்டில் போய்விடுங்கள். பா, ரா, நூனு என்று வடக்கே தள்ளியிருக்கும் அட்டோல்களுக்குத்தான் (வளையமாகக் கிடக்கும் பவளத்தீவுக் கூட்டங்கள்) சீப்ளேன் அர்த்தமுள்ளது. அங்கெல்லாம் 400 முதல் 600 டாலர் வரை சகஜமான விலை.

நேரம்தான் பெரிய சிக்கல். பைலட் கண்ணால் அலையைப் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்க முடியும் என்பதால் சீப்ளேன் பகலில் மட்டுமே பறக்கும். மதியம் மூன்று, மூன்றரைக்குள் மாலேயில் இறங்கிவிட்டால் அன்றே தீவுக்குப் போய்ச் சேரலாம். சாயங்கால விமானம் என்றால் விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி தங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் நேரம் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம்தான் உறுதியாகும். எந்தெந்தத் தீவுக்கு எத்தனை பேர் என்று பார்த்து ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்த்துக்கொண்டு போவார்கள். நடுவில் வேறு ரிசார்ட்டில் இறக்கி ஏற்றுவதும் உண்டு. டெர்மினலில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டி வந்தால் யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள், அது வழக்கம்தான்.

லக்கேஜ் பொதுவாக 20 கிலோ, கைப்பை 5 கிலோ. ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி என்று நம் ஆட்கள் கட்டும் மூட்டைக்குத் தனியாகக் காசு அழ வேண்டியிருக்கும்.

இனி விமானம். கனடாக்காரர்களின் ட்வின் ஆட்டர், 1965இல் முதன்முதலாகப் பறந்த ரகம். பதினைந்து பேர் சுமாராக உட்காரலாம். ஏசி கிடையாது, கிளம்பும்வரை உள்ளே புழுங்கும். சத்தம் காதைப் பிளக்கும், பஞ்சு கொடுப்பார்கள், மறக்காமல் வாங்கி வையுங்கள். பைலட்டுகள் அரைக்கால் சட்டையில், பெரும்பாலும் வெறுங்காலோடுதான் இருப்பார்கள். இந்த விமானத்தில் வேகத்தைக் கூட்டும் நெம்புகோல்கள் கூரையில் இருக்கின்றன. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போலக் கையை மேலே தூக்கிப் பைலட் அதைத் தள்ளுவதை உங்கள் சீட்டிலிருந்தே பார்க்கலாம். கண்ணாடியில் உப்புத்தண்ணீர் வாரி அடிக்கும், அடியில் தடதடப்பு ஒன்று வரும், சட்டென்று நின்றுவிடும். அப்போது மேலே கிளம்பியாயிற்று என்று அர்த்தம்.

சீட் நம்பர் பெரும்பாலும் கிடையாது. இறக்கை மேலே இருப்பதால் எந்தச் சன்னலிலும் கீழே தெரியும். ஆனாலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் உட்காருங்கள், போட்டோ சுத்தமாக வரும்.

முதலில் தெரிவது மாலே, கடல் விளிம்புவரை இடைவெளியே இல்லாமல் கட்டடம். பக்கத்திலேயே குப்பை கொட்டிக் கொட்டியே பெருக்கிய திலாஃபுஷி தீவு. விளம்பரப் படங்களில் அது வராது. பத்து நிமிடத்தில் காட்சி மாறிவிடும். கருநீலக் கடலுக்கு நடுவே வெளிர்பச்சை வளையம், அந்த வளையத்துக்குள் சின்னச் சின்ன வளையங்கள், அவற்றில் சிலவற்றின் மேல் மட்டும் ஒரு பிடி மரமும் மணலும். எப்போதோ கடலில் அமிழ்ந்துபோன எரிமலைகளின் மேல் பவளம் வளர்ந்து வளர்ந்து உண்டான திட்டுகள் இவை. எரிமலை அமிழ அமிழப் பவளம் மேலே வளர்ந்து வளையமாகிறது என்று டார்வின் 1842லேயே எழுதிவிட்டார். ஏறத்தாழ 1,190 தீவுகள் 26 அட்டோல்களாக இப்படித்தான் கிடக்கின்றன. கரையில் நின்றால் உங்களுக்குத் தெரிவது ஒரு மணல்மேடும் நாலு தென்னையும்தான், போட்டிலும் அப்படியே. நான் காசு தகும் என்று சொல்வது மேலிருந்து தெரியும் இந்தக் காட்சிக்காகத்தான்.

இறங்குவது பயப்படும் அளவுக்கு இல்லை. பவளத்திட்டுக்கு உள்பக்கம் அலை அடங்கியிருக்கும், லேசாக இரண்டு குலுக்கு, அவ்வளவுதான். பல இடங்களில் கரைக்கே போகாமல் கடலில் மிதக்கும் மரமேடையில் இறக்கிவிட்டு, படகில் கூட்டிப்போவார்கள். மேடை ஆடும். பெரியவர்கள் கூட வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். ஜூன், ஜூலையில் போனால் மேகமும் ஆட்டமும் சகஜம்.

பட்ஜெட் இடித்தால் ஒன்று செய்யலாம். பா அட்டோலில் தரவந்தூ விமான நிலையம் இருக்கிறது. உள்நாட்டு விமானத்தில் அதுவரை போய், அங்கிருந்து போட் பிடிக்கலாம். ராத்திரியிலும் அந்த விமானம் ஓடும். போகும்போது சீப்ளேன், திரும்பும்போது இந்த வழி என்று பிரித்துக் கொடுப்பீர்களா என்று ரிசார்ட்டுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.