வாசகர் கேள்வி – பதில்: டிகாக்ஷன் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய பித்தளை ஃபில்டர் இருக்கிறது. இரவில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தால், விடிந்த பிறகும் பாதித் தண்ணீர் மேல் பாத்திரத்திலேயே நிற்கிறது. டிகாக்ஷன் கெட்டியாக வர வேண்டும் என்று கடையில் நன்றாக நைஸாக அரைக்கச் சொல்லித்தான் வாங்குகிறேன். தவறு எங்கே? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: தவறு பெரும்பாலும் அந்த ‘நைஸ்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது, அம்மா. பொடி மென்மையாக இருந்தால் சாரம் விரைவாகப் பிரியும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஃபில்டரில் தண்ணீரைக் கீழே தள்ளுவதற்கு அதன் சொந்த எடையைத் தவிர வேறு விசை கிடையாது. மாவாக அரைத்த பொடி ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து துளைகளை மூடிவிடும். அதில் சிக்கரியும் கூடுதலாகச் சேர்ந்திருந்தால், அது நீரை உறிஞ்சி ஊறி, இருக்கிற சிறு இடைவெளியையும் அடைத்துவிடும். அப்படி இரவு முழுவதும் நின்று இறங்கிய டிகாக்ஷன் கசக்குமே தவிர மணக்காது.

அடுத்த முறை கடையில் ‘ஃபில்டருக்கு, நடுத்தர அரைவை’ என்று கேளுங்கள். விரல்களுக்கிடையே தேய்த்தால் மைதாவைப் போல வழுக்காமல், தூள் உப்பைப் போல லேசாக நறநறக்க வேண்டும். 20 கிராம் பொடிக்கு ஏறத்தாழ 150 மில்லி தண்ணீர் போதும். பொடியைச் சமமாகப் பரப்பி, குடை போன்ற தட்டை அதன்மேல் அமர வைத்தால் போதும். அழுத்தித் திணிக்க வேண்டாம். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சற்றுப் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் முழுவதும் இறங்கினால் அரைவை சரி. ஐந்து நிமிடத்தில் இறங்கி நீர்த்துப்போயிருந்தால் பொடி கொரகொரப்பு என்று பொருள். அதற்கு மேலும் பொடியைக் குவிப்பதைவிட, அரைவையை ஒரு படி நைஸாகக் கேட்பதே சிக்கனம்.

ஆனால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பொடி போடாமல் வெறும் தண்ணீரை மேல் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். அதுவும் தயங்கி இறங்கினால் துளைகள்தான் அடைத்திருக்கின்றன. எவர்சில்வர் ஃபில்டரை அடுப்புத் தீயில் காட்டி அடைப்பை எரிப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். உங்களுடையது பித்தளை என்பதால், உள்ளே ஈயம் பூசியிருந்தால் அதைச் செய்யவே வேண்டாம். பூச்சுக்குப் பயன்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெந்நீரில் ஊற வைத்து, மெல்லிய ஊசியால் துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் போதும்.

கேள்வி: மகன் வாங்கித் தந்த ஃபிரெஞ்சு பிரஸ்ஸில் (பொடியை வெந்நீரில் ஊற வைத்து, கம்பி வலையால் அழுத்தி வடிக்கும் குடுவை) வழக்கமான ஃபில்டர் பொடியைப் போட்டால் கோப்பையில் மண்டி தங்குகிறது, கசப்பும் மிகுதி. (வாசகர், கோவை)

பதில்: அந்தக் கருவியில் பொடி முழுவதும் சுமார் நான்கு நிமிடம் வெந்நீரிலேயே மூழ்கிக் கிடக்கிறது, அதனால் சாரம் மெதுவாகப் பிரியும்படி உப்புமா ரவையின் பருமனில் அரைத்த பொடிதான் பொருந்தும். நைஸான பொடி கம்பி வலையைத் தாண்டி வந்துவிடுகிறது. சிக்கரி கலக்காத பொடியாக 15 கிராமும் 250 மில்லி நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தியவுடன் முழுவதையும் ஊற்றிவிடுங்கள், உள்ளே விட்டால் கசப்பு ஏறிக்கொண்டே போகும். இது கள்ளிச்சொட்டு டிகாக்ஷன் அன்று. பாதிக்குப் பாதி பால் கலந்தால் காபியே தெரியாது. பாலின்றியோ, ஒரு கரண்டி பாலுடனோ அருந்துவதுதான் அதற்கு முறை.

கேள்வி: சிக்கரி கலப்படமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அளவைச் சொல்லி விற்கும்போது அன்று. அது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. காஃபீன் இல்லாதது, நிறமும் கெட்டியும் தருவது. காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், கலவை விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பதும் நம் நாட்டு விதி. என் விருப்பம் 80-க்கு 20; 60-க்கு 40 என்றால் அரைவையைச் சற்றுக் கொரகொரப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: கொட்டை வாங்கி மிக்ஸியில் அரைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அரைக்கலாம். மணத்துக்கு அதுவே நல்லது, ஏனெனில் அரைத்த பொடியைவிட வறுத்த கொட்டை பல நாள் மணம் தாங்கும். ஆனால் தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறும்; பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் நிற்கும். ஐந்தைந்து நொடியாக விட்டுவிட்டு ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஜாரைக் குலுக்கிச் சலித்து, சல்லடையில் தங்கும் குருணையை மட்டும் மறுபடி அரையுங்கள்.