கடைசி வாங்குக்கு மூன்று செக்கன்

வணக்கம் அண்ணா,

கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, வடமராட்சியில் ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியையாக முதல் நியமனம் பெற்று வந்திருக்கிறேன். தரம் 8இல் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எவ்வளவு கத்தினாலும் வகுப்பு அடங்குவதில்லை. கடைசி வாங்கில் இருக்கும் ஆறு பேரும் திருந்தமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இதே பிள்ளைகள் மாலையில் ரியூசனில் இருநூறு பேருக்கு நடுவே மூச்சுக் காட்டாமல் இருக்கிறார்களாம். தடி இல்லாமல் இங்கே படிப்பிக்க முடியாது என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். பெற்றோரும் "அடித்தாவது படிப்பியுங்கள்" என்கிறார்கள். வாங்குகளை மாற்றிப் போடலாமா? நட்சத்திரப் புள்ளி கொடுக்கலாமா? கையடக்கமான ஒலிபெருக்கி ஒன்று வாங்கலாமா? வகுப்பைக் கட்டுப்படுத்த ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.)

அன்புள்ள தங்கைக்கு,

தடியின் கதையை முதலில் முடித்துவிடுவோம். கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. உங்கள் அதிபரின் அலமாரியில் அதன் பிரதி இருக்கும். பெற்றோர் அனுமதி தந்தாலும் அது அனுமதியாகாது. வாங்குகளை உங்களுக்குப் பிடித்தபடி போடுங்கள். நட்சத்திரங்களை ஆரம்பப் பிரிவுக்கு விட்டுவிடுங்கள். ஒலிபெருக்கியை நினைத்தும் பாராதீர்கள். முப்பத்தெட்டுப் பேருக்கு மேல் உங்கள் குரல் உயர வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு குரலில் இல்லை.

ரியூசன் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நானும் சில காலமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நல்ல வகுப்பு என்றால் எல்லோருக்கும் கண்முன் வருவது ரியூசன் நடக்கும் அந்தத் தகரக் கொட்டகைதான். அங்கே ஏன் சத்தமில்லை என்று யாராவது கேட்டதுண்டா? அங்கே பெரும்பாலும் பிள்ளையிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ரியூசன் ஆசிரியர் சொல்கிறார், பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறார்கள். விளங்காத பிள்ளையும் எழுதுகிறது. அங்கே யாருக்கும் மானம் போவதில்லை. அந்த அமைதியைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம், தங்கச்சி.

அந்தக் கொட்டகை உங்கள் வகுப்புக்குள்ளும் வந்துவிடுகிறது. ரியூசன் எப்போதும் ஒரு பாடம் முந்தித்தான் ஓடும். நீங்கள் கரும்பலகையில் "திசைகொண்ட எண்கள்" என்று எழுதும்போது, பாதிப் பேர் அதைப் போன வாரமே முடித்துவிட்டார்கள். "சய மூன்றைச் (−3) சய இரண்டால் (−2) பெருக்கினால்?" என்று கேட்கிறீர்கள். வெண்கட்டி பலகையை விட்டு எடுபடும் முன்னே முன்வாங்கிலிருந்து "சக ஆறு" (+6) என்று வந்துவிடும். "சரி" என்று அடுத்த கணக்குக்குப் போகிறீர்கள். அந்த ஒரு "சரி"யோடு தெரிந்தவனுக்கும் வேலை முடிந்தது, தெரியாதவனுக்கும் வேலை முடிந்தது. மிச்ச நேரத்தை அவர்கள் என்ன செய்வார்கள்? கதைப்பார்கள். நாற்பது நிமிடப் பாடவேளை நீளமானது.

1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண்மணி வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து, ஆசிரியர் பதிலுக்காக எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுத்திருந்தார்கள். அதிலும் கெட்டிக்காரர் என்று தாம் நினைத்த பிள்ளைகளுக்குக் கூடுதலான நேரமும், பின்தங்கியவர் என்று நினைத்தவர்களுக்குக் குறைந்த நேரமும் கொடுத்தார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, கை தானாகவே செய்தது. மூன்று செக்கனோ அதற்கு மேலோ பொறுத்தபோது பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆசிரியர் பிள்ளைகளை அதட்ட வேண்டி வந்ததும் குறைந்தது. கடைசியாகச் சொன்னதை இன்னொரு தரம் வாசியுங்கள்.

எனக்கு இதைச் செய்து காட்டியவர் எங்கள் கணித ஆசிரியர். போரினால் நேர்ந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு, தென்மராட்சியில், ஒரு மாமரத்தின் கீழே எங்களுக்கு வகுப்பு. பலகை அடிமரத்தில் சாய்ந்திருக்கும். வெவ்வேறு பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள், புத்தகமில்லை, பலருக்கு வீடுமில்லை. அவர் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைப்பார். அவசரமே கிடையாது. தென்மராட்சிப் புழுதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். கண்ணாடியைப் போட்டு நிமிரும்போது பின்னாலும் இரண்டு மூன்று கைகள் உயர்ந்திருக்கும். முதலில் உயர்ந்த கையை அவர் கேட்கவே மாட்டார்.

உங்கள் சய மூன்று, சய இரண்டு கணக்குக்கு அங்கேதான் ஒருவன் பதில் சொன்னான். கோயில் மண்டபத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தவன். "மூன்று ரூபாய்க் கடனை இரண்டு தரம் தள்ளுபடி செய்தால் ஆறு ரூபாய் மிச்சம், சேர்." கடன் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சேர் ஒன்றும் சொல்லாமல் அதைப் பலகையில் அப்படியே எழுதினார். பின்னாளில் எத்தனையோ விளக்கங்கள் படித்துவிட்டேன். இதை மிஞ்சியது ஒன்றும் இல்லை.

இப்போது கோபம். "திருந்தமாட்டார்கள்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நியமனக் கடிதத்தின் மை காயவில்லை. "இதே பிள்ளைகள்" ரியூசனில் அமைதியாக இருக்கிறார்கள் என்கிறீர்கள். அந்த ஆறு பேருமா போகிறார்கள்? கேட்டுப் பார்த்தீர்களா? ரியூசன் காசு கட்ட முடியாத பிள்ளைக்கு அந்தக் கணக்கை முதன்முதலாகச் சொல்லித்தரப் போகிறவர் நீங்கள் ஒருவர்தான். அவனுக்கு நீங்கள் கொடுத்தது ஒரு செக்கன்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர், விரிவுரையின்போது பத்திரிகை வாசித்த மாணவனை அதட்ட, மற்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டு, நல்ல அதட்டல் எது என்று ஆராயப் புறப்பட்டார். 1970இல் அவர் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. குழப்பம் வந்தபின் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் வித்தியாசம் கிடைக்கவில்லை. அறையின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் பிள்ளைகளைத் தடங்காமல் கொண்டு போவதிலும்தான் கிடைத்தது. ஆகவே பலகைக்கு முன்னாலேயே நிற்காதீர்கள். கேள்வியைக் கடைசி வாங்கின் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

முன்வாங்குக்கும் வேலை இருக்கிறது. "சக ஆறு" என்றவனிடம் ஏன் என்று கேளுங்கள். "சயவும் சயவும் சக" என்று மந்திரம் சொல்வான். ஏனென்று கொப்பியில் ஒரு கதையாக எழுது என்று விட்டுவிடுங்கள். அன்றைய பாடவேளை அவனுக்குப் போதாது.

மூன்று செக்கன் பொறுத்து நிற்பது முதலில் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். கண்ணாடி போடாதவர் என்றால் கையிலுள்ள வெண்கட்டித் தூளைத் தட்டுங்கள். ஆறு பேரில் யார் யார் ரியூசன் போவதில்லை என்று விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மூத்த ஆசிரியர்கள் சொல்வதை எழுத வேண்டாம். அதை நான் நிறையக் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அண்ணா