மூன்று ஈற்றும் காளையா? மாட்டை விற்காதீர்கள்

கேள்வி: வெள்ளகோவில் அருகே தோட்டத்தில் குடியிருக்கிறோம். எங்கள் சிந்துக் கலப்பு மாடு நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர் கறக்கிறது. ஆனால் மூன்று ஈற்றிலும் காளைக்கன்றுதான். “இது காளையே போடும் மாடு, தள்ளிவிடுங்கள்” என்கிறார் தரகர். பதிலுக்கு ஒரு கிடாரிக் கன்று தருகிறாராம். அது இரட்டைக் கன்றில் ஒன்று, கூடப் பிறந்தது காளை, ராசியானது என்கிறார். சினையான நான்காம் மாதம் கொடுத்தால் கிடாரி பிறக்கும் என்று ஒருவர் பொடியும் விற்கிறார். என்ன செய்வது?

பதில்: மாட்டை விற்க வேண்டாம். அந்தக் கிடாரியை உங்கள் கட்டுத்தரைக்குக் கொண்டுவரவும் வேண்டாம்.

காளை பிறந்தது மாட்டின் குற்றம் அல்ல. மாட்டின் உடல் செல் ஒவ்வொன்றிலும் 60 குரோமோசோம்கள், அதாவது 30 ஜோடிகள் உண்டு. அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பசுவிடம் இருப்பவை இரண்டும் எக்ஸ். காளையிடம் ஒரு எக்ஸ், ஒரு ஒய். பசு எக்ஸைத்தான் கொடுக்க முடியும், அதனிடம் வேறு இல்லை. காளையின் விந்தணுக்களில் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமக்கின்றன. எது கருமுட்டையில் சேர்கிறதோ அதன்படி கன்று. மனிதருக்கும் இதே விதிதான். இது தெரியாமல் எத்தனை மருமகள்களை நம் வீடுகளில் அழவைத்திருக்கிறோம்!

ஒவ்வொரு ஈற்றும் புதிதாகச் சுண்டும் காசு. மூன்று ஈற்றும் காளையாக அமைவது எட்டு மாடுகளில் ஒன்றுக்கு நடக்கும். உங்கள் மாட்டின் அடுத்த ஈற்றிலும் கிடாரிக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. காங்கயம் காளைக்கன்றுக்குக் கண்ணபுரம் சந்தையில் மதிப்பு உண்டு, கலப்பினக் காளைக்கன்றைக் கேட்க ஆளில்லை. அந்த மனக்கசப்பைத்தான் தரகர் விலையாக்குகிறார்.

பொடி விஷயத்துக்கு வருகிறேன். ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு இருப்பதை 1990-இல் கண்டறிந்தார்கள். கருவில் விரை உருவாகக் கட்டளையிடுவது அதுதான். மாட்டுக் கருவில் ஏறக்குறைய ஆறு வாரத்திலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. நான்காம் மாதம் எந்தப் பொடியைக் கொடுத்து எதை மாற்றுவது? “காளை பிறந்தால் பணம் வாபஸ்” என்றும் சொல்வார்கள், ஏமாறாதீர்கள். நூறு பேரிடம் விற்றால் ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கிடாரி தானாகவே பிறக்கும். அந்த ஐம்பது பேரின் பணம் அவருக்கு லாபம். அவர்களே ஊரெல்லாம் அவருக்குச் சாட்சியும் சொல்வார்கள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், பொடியின் நிறம் மாறுகிறது, பேச்சு மாறவில்லை.

இப்போது அந்த இரட்டைக் கிடாரி. ஆடுகளில் இரட்டைக் குட்டிக்குப் பெரும்பாலும் இந்தப் பயம் இல்லை. மாட்டில் அப்படியல்ல. வயிற்றில் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். காளைக்கன்றின் ஹார்மோன்களும் ரத்த செல்களும் கிடாரிக்குள் போகும். கருப்பையும் சினைப்பையும் சரியாக வளராது. காளையோடு பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. குரோமோசோம் பெண்ணுடையதுதான், ஆனாலும் சினை நிற்காது. வெளியே பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இரண்டு வருடம் தீவனம் போட்ட பிறகுதான் பருவத்துக்கு வராதது தெரியும், அப்போது தரகர் தாது உப்புக் குறைபாடு என்பார். இரண்டும் கிடாரியாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் கூட இருந்த காளைக்கரு வயிற்றிலேயே கரைந்து, கிடாரி மட்டும் தனியாகப் பிறந்திருந்தாலும் இப்படி நேரலாம். அது அபூர்வம். பிறந்து ஒரு மாதத்துக்குள் என்றால் மருத்துவர் மழுங்கிய குழாயைப் பிறப்புறுப்பில் மெல்லச் செலுத்திப் பார்ப்பார். மலட்டுக் கன்றில் அது இயல்பான ஆழத்தில் பாதியிலேயே நின்றுவிடும். ரத்தப் பரிசோதனை இன்னும் உறுதியானது.

கிடாரிதான் வேண்டும் என்றால் பாலினம் பிரித்த உறைவிந்து இருக்கிறது. எக்ஸ் விந்தணுவில் மரபுப்பொருள் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல். அதை வைத்துக் கருவியில் பிரிக்கிறார்கள். நூறு கன்றுகளில் சுமார் தொண்ணூறு கிடாரி. ஒரு குச்சியில், அதாவது உறைவிந்து அடைத்த மெல்லிய குழாயில், விந்தணுக்கள் குறைவு என்பதால் சினை பிடிக்கும் வாய்ப்பும் சற்றுக் குறைவு. மாடு பருவத்துக்கு வந்த அன்று கால்நடை மருந்தகத்தில் அந்தக் குச்சி இருப்பு இல்லை, இருப்பு வரும்போது மாட்டுக்குப் பருவம் இல்லை. மாடு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கேற்ப இருப்பு வைக்க மட்டும் எவருக்கும் தோன்றுவதில்லை. இந்த இடைவெளியில்தான் சாதாரணக் குச்சியைக் “கிடாரி ஊசி” என்று கூடுதல் விலைக்குப் போடுகிறவர்கள் நுழைகிறார்கள்.

அதனால் இப்போதே மருந்தகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. குச்சியை வெளியே எடுத்ததும் அதன்மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணையும் தேதியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் வெற்றுக் குச்சியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தரமாட்டேன் என்கிறவரிடம் அடுத்தமுறை போகாதீர்கள்.