பிள்ளைகள் படிப்புக்கு அரசு உதவி: குமரிப் பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகளைத் தேடி நான் போன வீடுகள் எல்லாம் கடற்கரையிலும், பேச்சிப்பாறை மலையிலும், அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை) பக்கத்திலும்தான் இருந்தன. அந்த வீடுகளுக்கென்று அரசு ஒதுக்கும் பணம் பல சமயம் அங்கே போய்ச் சேருவதில்லை. ஒரு சான்றிதழ் குறையும், அல்லது தேதி கடந்திருக்கும். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

தூத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா: டீச்சர், வீட்டுக்காரர் போன வருஷம் வள்ளம் கவிழ்ந்து இறந்துட்டார். மகள் எட்டாவது, மகன் நாலாவது. ரெண்டு பேரும் அரசு உதவி பெறும் பள்ளி. மீன் வித்துத்தான் குடும்பம் ஓடுது. ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும் அம்மா. நாளைக்கே பிள்ளைகளின் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும், நிரந்தரமாக முடங்கினாலும், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் 1 முதல் 12 வரை படிக்கிற பிள்ளைக்கு 75,000 ரூபாய் உண்டு. கையில் தர மாட்டார்கள், பிள்ளையின் பெயரில் வைப்பீடாகப் போடுவார்கள். முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றின் நகலையும் எடுத்து வையுங்கள். இந்த உதவி பற்றி எத்தனையோ பள்ளிகளில் யாரும் வாய் திறந்து சொல்வதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. தந்தையை இழந்து தாயின் வருமானத்தில் வளரும் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது. உங்களுக்கு எது பொருந்தும் என்று அலகிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தாரா? அந்த அட்டையைத் தேடி எடுங்கள். அதில் விபத்து உதவி தனி, கல்வி உதவி தனி.

மகள் எட்டாவது என்றீர்களே, அவளைத் தேசிய வருவாய்வழித் தேர்வு எழுத வையுங்கள். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 வீதம் மொத்தம் 48,000 ரூபாய். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு வாங்கிவிட்டு அப்புறம் புதுப்பிக்காமல் விட்ட பிள்ளைகள் என் பள்ளியிலேயே இருந்தார்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் ஒரு குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: தங்கச்சி ஆறாவது போகணும். பள்ளிக்கூடம் தூரம், யானை நடமாட்டம் வேற. சாதிச் சான்றிதழும் இன்னும் வரல்ல.

சான்றிதழில் இருந்து தொடங்குவோம் தம்பி. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்ட அளவில் உள்ள அதிகாரிதான் தர வேண்டும். உங்களுக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகம். இ-சேவை மையத்தில் பதிந்த ஒப்புகைச் சீட்டும், அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ ஏற்கனவே வாங்கிய சான்றிதழும் கையில் இருக்கட்டும். ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் விசாரணை சீக்கிரம் முடியும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இப்போதே சேர்த்துப் போடுங்கள்.

தூரத்துக்கும் வழி இருக்கிறது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இல்லாத குடியிருப்புகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வாகன வசதியும் வழித்துணையும் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை செலவிடலாம். அதைத் தனி ஆளாகக் கேட்டால் நகராது. குடியிருப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) எழுதி, பள்ளித் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்துக்கு மனு கொடுங்கள். தினமும் போய்வர முடியாது என்றால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியோ விடுதியோ கேட்கலாம். சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். ஆறாவது படிக்கிற பிள்ளையைப் பிரிந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் வாகனத்துக்கு முயற்சி செய்யுங்கள்.

மார்த்தாண்டம், ஒரு தந்தை: மகனை உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்க்கப் பார்க்கிறோம். பின்னால் சலுகை எதுவும் போகுமா?

போகும். சேர்க்கும் முன் கேட்டீர்களே, நல்லது. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய, அரசுப் பள்ளியும் அதுவும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வனும் (பெண்களுக்குப் புதுமைப் பெண்) அரசுப் பள்ளி மாணவருக்கு உண்டு, உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்தால் இரண்டுமே இல்லை. பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்தால் அங்கேயே சேருங்கள் என்பேன்.

கருங்கல்: 25 விழுக்காடு இலவச இடத்தில் எங்க ஊர் ஆங்கிலப் பள்ளியில் இடமில்லைன்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய இடம்தான் அந்த 25 விழுக்காடு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் அப்படிப்பட்ட பள்ளிகள் அதிகம். அந்தப் பள்ளிக்குச் சிறுபான்மைத் தகுதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த 25 விழுக்காடு அதற்கும் பொருந்தும்.

அண்டி ஆபீஸில் வேலை செய்யும் ஓர் அக்கா: எங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லியா டீச்சர்?

இருக்கிறது அக்கா. பதிவு பெற்ற தொழிற்சாலை என்றால் ஆண்டுக்கு ஒரு முறை தொழிலாளர் நல நிதி என்று உங்கள் சம்பளத்தில் ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள். பிடித்தால் தொழிலாளர் நல வாரியத்தில் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை கேட்கலாம். ரப்பர் தோட்டக் கம்பெனியில் பால் வெட்டுகிறவர்களுக்கும் இதேதான். வீட்டில் வைத்துப் பருப்பு உடைப்பவர்களும், சின்னத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களும் அமைப்புசாரா தொழிலாளர் வாரியத்தில் பதிய வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கிள்ளியூர் வட்டம்: எங்கள் பள்ளியில் 84 பிள்ளைகள். கழிப்பறைக் கதவு உடைந்து மாதக்கணக்காகிறது. பணம் இல்லை என்கிறார்கள்.

அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000 ரூபாய் என்று கணக்கு. உங்கள் பள்ளிக்கு 25,000. அதில் 10 விழுக்காடாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மத்திய நிதி நின்றுபோன ஆண்டுகளில் இதுவும் தாமதமானது உண்மைதான். இந்த ஆண்டு வந்ததா, எதற்குச் செலவானது என்று குழுக் கூட்டத்தில் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சண்டையாக இல்லாமல் கேளுங்கள்.

திருவட்டாறு: உதவித்தொகை வந்துவிட்டது என்கிறார்கள், மகள் கணக்கில் இல்லை.

ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பீர்கள். அது மட்டும் போதாது. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று வங்கி தனியாக இணைக்க வேண்டும். வங்கியில் "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைந்திருக்கிறதா" என்று அப்படியே கேளுங்கள். தபால் நிலையத்தில் இருப்புத்தொகை இல்லாமலே மாணவர் கணக்கு தொடங்கி இதைச் செய்துகொள்ளலாம்.

பெயரையும் பாருங்கள். ஒருமுறை ஓர் அம்மா ஐஸ் பெட்டி ஈரம் ஒட்டிய பிளாஸ்டிக் கவரைப் பிரித்து என் மேசையில் பரப்பினார். பள்ளியில் மகள் பெயர் மேரி, ஆதாரில் மரியா, வங்கியில் மரிய மேரி. இனிஷியல் மூன்றிலும் வேறு வேறு. மூன்றையும் ஒன்றாக்க நாலு மாதம் ஆனது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு ஆதாரை முதலில் திருத்துங்கள், மற்றவற்றை அதன்படி மாற்றலாம்.