கணினி கேள்வி–பதில்: ஆக்சஸ் ஃபைல் யாரிடம் மாட்டியிருக்கிறது?

கேள்வி: சர்வரில் இருக்கும் ஒரே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலைப் பன்னிரண்டு பேர் திறக்கிறோம். டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்க்கப் போனால், வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று தடுக்கிறது. செய்தியில் 'அட்மின்' என்ற பெயர்தான் வருகிறது. அது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 'அட்மின்' என்பதை நம்பித் தேட வேண்டாம். தனி லாகின் அமைக்காத ஆக்சஸ் ஃபைலில் எல்லோருமே அந்தப் பெயரில்தான் நுழைகிறார்கள். ஆளைக் காட்டிக்கொடுப்பது கம்ப்யூட்டரின் பெயர். செய்தியில் 'மெஷின்' என்ற சொல்லுக்கு அடுத்து அது வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

வரவில்லையென்றால், டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரிலேயே பாருங்கள். அதே பெயரில் 'எல்ஏசிசிடிபி' என்று முடியும் சிறிய ஃபைல் ஒன்று இருக்கும். பழைய 'எம்டிபி' வகையானால் 'எல்டிபி'. யார் யார் திறந்தார்கள் என்று ஆக்சஸ் குறித்துவைக்கும் லாக் ஃபைல் இதுதான். அதை வேறு இடத்தில் காப்பி செய்து, அந்தக் காப்பியை நோட்பேடில் திறங்கள். ஒருவருக்கு 64 பைட்: முதல் 32-இல் கம்ப்யூட்டர் பெயர், அடுத்த 32-இல் பயனர் பெயர்.

பலர் தவறுவது இங்கேதான். ஒருவர் ஃபைலை மூடிவிட்டுப் போனாலும் அவர் பெயர் இதிலிருந்து அழியாது. கடைசி ஆள் வெளியேறும்போதுதான் லாக் ஃபைலே நீங்கும். ஆகவே பட்டியலில் ஏழு பெயர் இருந்தால் ஏழு பேரும் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. காலையில் வந்து போனவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள்.

இப்போது உள்ளே இருப்பது யார் என்று சொல்ல வேண்டியது சர்வர். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு அதில் நுழைந்து, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதனுள் ஓப்பன் ஃபைல்ஸ் என்று போங்கள். உங்கள் ஃபைலின் வரியில் 'ஆக்சஸ்ட் பை' என்ற இடத்தில் விண்டோஸ் லாகின் பெயர் இருக்கும். பக்கத்திலுள்ள செஷன்ஸ் பகுதியில் அதே பெயரைத் தேடினால் எந்தக் கம்ப்யூட்டர் என்பதும் தெரிந்துவிடும்.

ஓப்பன் ஃபைல்ஸில் யாருமே இல்லை, ஆனாலும் பூட்டு விடவில்லையா? அந்தப் பட்டியலில் நெட்வொர்க் வழியாகத் திறந்தவர்கள் மட்டுமே வருவார்கள். சர்வரிலேயே ஓடும் பேக்கப் அல்லது ஆன்டிவைரஸ் பிடித்திருக்கலாம். சர்வரில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு டேபில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் கட்டத்தில் ஃபைல் பெயரைத் தட்டினால், பிடித்திருக்கும் புரோகிராம் தெரியும்.

ஆள் தெரிந்ததும் அவரையே மூடச் சொல்லுங்கள். மூடிவிட்டேன் என்று அவர் சொல்லியும் பெயர் போகவில்லையென்றால், அவர் கம்ப்யூட்டரின் டாஸ்க் மேனேஜரில் ஆக்சஸ் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோ மறைந்த பிறகும் சில சமயம் அது பின்னால் தங்கிவிடும். ஓப்பன் ஃபைல்ஸில் ரைட் கிளிக் செய்து வலுக்கட்டாயமாக மூடும் வசதி இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். அந்த நொடியில் அவர் எதையாவது சேமித்துக்கொண்டிருந்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். வேறு வழியே இல்லையென்றால் முதலில் ஃபைலைக் காப்பி எடுத்து வைத்து, மூடிய பிறகு ஆக்சஸின் பழுதுபார்க்கும் வசதியான 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டுங்கள்.

கேள்வி: எல்லோரும் வெளியேறிய பிறகும் லாக் ஃபைல் அப்படியே நிற்கிறது. அழிக்கலாமா?

பதில்: அழித்துப் பாருங்கள். யாராவது உள்ளே இருந்தால் விண்டோஸே விடாது. அழிந்துவிட்டால் அது வெறும் மிச்சம், கவலை இல்லை. கம்ப்யூட்டர் திடீரென நின்றுபோனால் இப்படி ஒருமுறை நடக்கும். தினமும் நடந்தால் ஃபோல்டர் உரிமையைச் சரிபாருங்கள். லாக் ஃபைலை உருவாக்கவும் எழுதவும் அழிக்கவும் ஒவ்வொரு பயனருக்கும் அனுமதி வேண்டும். ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில், ஷேரிங்கில் 'சேஞ்ச்', செக்யூரிட்டி டேபில் 'மாடிஃபை' இரண்டும் இருக்கட்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். சிலருக்கு ஃபைல் 'ரீட் ஒன்லி'யாகத் திறப்பதற்கும் பெரும்பாலும் இதே குறைதான் காரணம்.

அப்படியே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஆக்சஸின் ஆப்ஷன்ஸில் கிளையன்ட் செட்டிங்ஸ் போய், 'டிஃபால்ட் ஓப்பன் மோட்' ஷேர்டு என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் 'எக்ஸ்குளூசிவ்' என்றிருந்தாலும், அவர் முதலில் திறக்கும் நாளில் மற்ற எல்லோரும் வெளியில் நிற்க வேண்டியதுதான்.